நெற்றியில் மின்னோட்டம் செலுத்தினால் அன்றாட வாழ்வில் துணிச்சல் மாறுமா?

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

பங்குச் சந்தையில் ஆப்ஷன் வணிகம் (பங்கைப் பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கும் அல்லது விற்கும் உரிமையை வாங்கி விற்பது) செய்யும் என் அலுவலக நண்பர் ஒருவர், நெற்றியில் அணிந்துகொண்டால் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தும் பட்டை ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் போவதாகச் சொல்கிறார். மூளையின் வலப்புற முன்பகுதியைத் தூண்டினால் அவசரத்தில் எடுக்கும் ஆபத்தான முடிவுகள் குறையும் என்று ஆய்வுகள் நிறுவிவிட்டன என்பது அவருடைய வாதம். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் விற்பனையாளர்களின் விளம்பரமும் மறுபக்கம் வெறும் கேலியும்தான் கிடைக்கின்றன.

நான் அறிய விரும்புவது இதுதான்: மூளைத் தூண்டல் ஒருவரின் துணிச்சலைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பதற்கு உண்மையிலேயே என்ன சான்று இருக்கிறது? கடன் வாங்குவது, தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டுவது, நெஞ்சுவலியைப் பொருட்படுத்தாமல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவது போன்ற அன்றாட முடிவுகளுக்கும் அந்தச் சான்று பொருந்துமா? இத்துறையில் பயிற்சி உள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

வெண்ணி

அறிவாற்றல் நரம்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் நண்பர் கேள்விப்பட்டது பெரும்பாலும் 2006-இல் சூரிச்சிலிருந்து வெளிவந்த ஆய்வாக இருக்க வேண்டும். 27 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு வலப்புற முன்மூளைப் புறணியின் மேற்பக்கவாட்டுப் பகுதியிலும், இன்னொரு குழுவினருக்கு அதே பகுதியின் இடப்புறத்திலும், நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் 15 நிமிடம் காந்தத் துடிப்புகளைச் செலுத்தினார்கள். மூன்றாம் குழுவினருக்குச் செலுத்துவதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். இவ்வளவு மெதுவான துடிப்பு, அந்தப் பகுதியின் செயல்பாட்டைச் சிறிது நேரம் மந்தமாக்கும். பிறகு எல்லோரையும் ஒரு சூதாட்டப் பணியைச் செய்யச் சொன்னார்கள். திரையில் இரு நிறங்களில் ஆறு பெட்டிகள் இருக்கும். பரிசு எந்த நிறப் பெட்டியில் ஒளிந்திருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். எண்ணிக்கையில் குறைவான நிறத்தைத் தேர்ந்தால் வெற்றி வாய்ப்பு குறைவு, ஆனால் பந்தயத் தொகை பெரிது. வலப்பக்கம் மந்தமாக்கப்பட்டவர்கள் மற்ற இரு குழுவினரையும்விட அதிகமாக அந்தப் பெரிய, ஆபத்தான பந்தயத்தின் பக்கம் சாய்ந்தார்கள்.

மறு ஆண்டே பாஸ்டனில், காந்தத்துக்குப் பதிலாக நேர்மின்னோட்டத்தைப் பயன்படுத்தி, எதிர்த்திசையில் ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: அந்தப் பகுதியை மந்தமாக்கினால் துணிச்சல் கூடுகிறது என்றால், ஊக்கினால் குறையுமா? பெட்டிப் பணியில் வலப்பக்கம் நேர்முனையும் (ஊக்கும் முனை) இடப்பக்கம் எதிர்முனையும் (மந்தமாக்கும் முனை) வைத்தவர்கள் மட்டும் பாதுகாப்பான தேர்வுக்கு மாறினார்கள். ஆனால் அதே குழு அதே ஆண்டு பலூன் பணியைக் கொண்டு செய்த இன்னொரு ஆய்வில், முனைகளை எந்தப் பக்கம் மாற்றி வைத்தாலும், இருபுறமும் மின்முனை இருந்தவரை, துணிச்சல் குறைந்தது. பலூன் பணி 2002-இல் அறிமுகமானது. திரையில் ஒரு பலூனை ஊத ஊதக் காசு சேரும், வெடித்துவிட்டால் அந்தப் பலூனில் சேர்த்த காசு போய்விடும். ஆக, பணி மாறியதும் முடிவின் வடிவமும் மாறியிருக்கிறது. விளம்பரங்களில் இது இடம்பெறாது.

இன்னும் சிக்கலான செய்தி ஒன்றும் உண்டு. 2010-இல் கஞ்சா பயன்படுத்தும் பழக்கமுள்ளவர்களிடம் இதே இருபுறத் தூண்டலைச் செய்தபோது, இரண்டு முனை அமைப்புகளிலும் துணிச்சல் குறையவில்லை, கூடியது. யாருடைய மூளை என்பதைப் பொறுத்தே விளைவின் திசைகூட மாறுகிறது.

கரிசல்

வெண்ணி அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னதையே வைத்துப் பார்த்தால், சூதாட்டப் பணியில் மாற்றம் வருகிறது என்பது உறுதியாகிவிட்டது அல்லவா? சூரிச்சிலேயே 2008-இல் வாகன ஓட்டுப் பாவனைக் கருவியில் ஓர் ஆய்வு நடந்தது. முன்மூளைப் பகுதியின் மேல் நேர்முனையை வைத்தவர்கள் முன்னால் செல்லும் வண்டியிலிருந்து கூடுதல் இடைவெளி விட்டு, வேகத்தையும் கட்டுப்படுத்தி ஓட்டினார்கள் என்று படித்திருக்கிறேன். அது சூதாட்டம் இல்லை, அன்றாட வாழ்வுக்கு மிக நெருக்கமான செயல். ஒரு கருவி அதைச் செய்கிறது என்றால் அதை ஏன் தயக்கத்தோடு பார்க்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை. வலிமாத்திரை எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதற்காக நாம் அதை நிராகரிப்பதில்லையே.

முகில்வண்ணன்

நான் உளவியல் அளவீட்டுத் துறையில் இருப்பவன் என்பதால், கரிசல் அவர்களின் வாதத்தில் எனக்கு இடறும் இடம் வேறு. மின்னோட்டம் வேலை செய்கிறதா என்பதைவிட, அந்தப் பணிகள் எதை அளக்கின்றன என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

பாசெல், பெர்லின் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில் 1507 பேரிடம் 39 வகையான அளவீடுகளை எடுத்தார்கள். "நீங்கள் துணிந்து இறங்கக்கூடியவரா" என்பது போன்ற நேரடிக் கேள்விகள், புகைத்தல், மது, சூதாட்டம் ஆகியவை எவ்வளவு அடிக்கடி நிகழ்கின்றன என்ற தகவல்கள், பலூன் பணி போன்ற ஆய்வுக்கூடப் பணிகள் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. கேள்விகளுக்குச் சொன்ன விடைகள் ஒன்றோடொன்று நன்றாக ஒத்துப்போயின. அவர்களில் 109 பேரை ஆறு மாதம் கழித்துத் திரும்பச் சோதித்தபோதும் அவை பெரிதாக மாறவில்லை. ஆய்வுக்கூடப் பணிகளோ தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. பலூன் பணியில் துணிந்தவர் சீட்டுப் பணியில் துணிவார் என்று சொல்ல முடியவில்லை. ஆறு மாதம் கழித்து அதே மனிதர் அதே பணியில் வேறு மாதிரி நடந்துகொண்டார்.

இதைத் தூண்டல் ஆய்வுகளோடு சேர்த்துப் பாருங்கள். பலூனை எத்தனை முறை ஊதினார் என்ற எண்ணிக்கை ஒருவரின் நிலையான குணத்தையே சரியாகக் காட்டாதபோது, அந்த எண்ணிக்கையை மின்னோட்டத்தால் சற்றே நகர்த்தியதை வைத்து, அவர் வாங்கப்போகும் கடனையும் ஓட்டப்போகும் வண்டியையும் பற்றி எதையும் சொல்ல நமக்கு உரிமை இல்லை. துணிச்சல் என்பதே ஒரே பொருளாக இருப்பதில்லை. பணம், உடல்நலம், பொழுதுபோக்கு, நெறிமுறை, சமூக உறவு என்று தனித்தனித் தளங்களாகப் பிரித்து அளக்க வேண்டும் என்பதை 2002-இலேயே ஒரு கேள்வித்தாள் நிறுவிவிட்டது. மேலதிகாரியின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுகிறவர், வங்கி வைப்புநிதியைத் தவிர வேறெதையும் தொடாதவராக இருப்பதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

ஓட்டுப் பாவனைக் கருவி ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் பாவனைக் கருவியில் மோதினால் யாருக்கும் அடிபடாது. அதில் ஒருவர் காட்டும் எச்சரிக்கை, சாலையில் காட்டும் எச்சரிக்கையின் எந்தப் பகுதி என்பது தனியாக நிறுவப்பட வேண்டியது.

வெண்ணி

முகில்வண்ணன் அவர்களின் அளவீட்டு விமர்சனத்தோடு பெருமளவு உடன்படுகிறேன். இருந்தாலும் ஆய்வுக்கூடப் பணிகளை ஒரேயடியாக ஒதுக்கிவிடக் கூடாது. 1994-இல் அயோவாவில் வடிவமைத்த நான்கு சீட்டுக்கட்டுப் பணியை நினைத்துப் பாருங்கள். இரண்டு கட்டுகள் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் தரும், ஆனால் அவ்வப்போது பெரிய அபராதம் விதிக்கும். பத்துச் சீட்டுகளுக்கு நிகரமாக 250 டாலர் நட்டம் வரும். மற்ற இரண்டு கட்டுகள் 50 டாலர்தான் தரும், ஆனால் பத்துச் சீட்டுகளில் நிகர லாபம் 250 டாலர். முன்மூளையின் அடிநடுப் பகுதி சிதைந்த நோயாளிகள் நட்டம் தரும் கட்டுகளையே மீண்டும் மீண்டும் எடுத்தார்கள். அவர்களுடைய அறிவுத்திறன் சோதனை முடிவுகளில் குறை இல்லை. ஆனால் வீட்டிலும் தொழிலிலும் தொடர்ந்து கேடான முடிவுகளை எடுத்து வந்தவர்கள் அவர்கள். அங்கே ஆய்வுக்கூடமும் வாழ்க்கையும் ஒரே கதையைச் சொல்லின.

வேறுபாடு அளவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சிதைந்த மூளை வாழ்க்கை முழுவதும் அந்த மனிதரோடு இருக்கிறது. 15 நிமிடத் தூண்டலின் விளைவோ அன்று மாலைக்குள் கரைந்துவிடுகிறது.

செம்புக்கம்பி

நான் மின்னணுப் பொறியாளர்; மருத்துவக் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். இந்த இழையில் காந்தத் தூண்டலையும் மின்னோட்டத் தூண்டலையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1985-இல் ஷெஃபீல்டில் உருவாக்கப்பட்ட காந்தத் தூண்டல் கருவி, சுருளில் பெரும் மின்னோட்டத்தை நொடியில் மிகச் சிறிய பங்கு நேரத்துக்குப் பாய்ச்சி, அதனால் எழும் காந்தப்புலத்தின் வழியாக மூளைக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. மண்டையோடு காந்தப்புலத்துக்குத் தடையே இல்லை. உடல் அசைவுகளை இயக்கும் மூளைப் பகுதியான இயக்கப் புறணியின் மேல் வைத்தால் எதிர்ப்பக்கக் கைவிரல் தானாகத் துடிக்கும். உள்ளே ஏதோ நடந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மனச்சோர்வுக்கான சிகிச்சையாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே இதற்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் இந்தக் கருவியை யாரும் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போக முடியாது.

நெய்தலின் நண்பர் வாங்க நினைப்பது இரண்டாவது வகை. ஈரமான பஞ்சு வைத்த மின்முனைகளின் வழியாக ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் செலுத்துவது அதன் வழக்கமான அளவு. இது நரம்பணுவைத் துடிக்க வைக்காது. துடிப்பதற்கான வாய்ப்பைச் சற்று ஏற்றவோ இறக்கவோ மட்டும் செய்யும் என்பதுதான் 2000-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து வந்த அடிப்படை ஆய்வு முதல் சொல்லப்பட்டுவருவது. அந்த இரண்டு மில்லி ஆம்பியரும் முழுதாக உள்ளே போவதில்லை. இறந்தவர்களின் உடல்களிலும் விலங்குகளிலும் அளந்து 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, மின்னோட்டத்தில் ஏறத்தாழ 75 விழுக்காடு வரை தோலிலும் தசையிலும் எலும்பிலுமே திசைமாறிப் போய்விடுகிறது. எஞ்சியதும் மின்முனைக்கு நேர் கீழே மட்டும் நிற்காமல் அகலமாகப் பரவுகிறது. மின்முனை ஓரிரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும், மண்டையோட்டின் தடிமன் மாறினாலும், கணக்கு மாறும். வீட்டில் கண்ணாடியைப் பார்த்துப் பட்டையை மாட்டிக்கொள்கிறவருக்கு அந்தக் கணக்கு எதுவும் கையில் இருக்காது.

ஆய்வுகளிலேயே ஒரு தொல்லை உண்டு. பாவனைக் குழுவுக்கு மின்னோட்டத்தை அரை நிமிடம் செலுத்தி நிறுத்திவிடுவார்கள்; தொடக்கத்தில் வரும் அரிப்பு இரு குழுவுக்கும் பொதுவாகிவிடும் என்பது எண்ணம். ஆனால் சிலர் கண்டுபிடித்துவிடுகிறார்கள். தன் துணிச்சலை அளக்கிறார்கள் என்று தெரிந்த ஒருவர், தனக்கு உண்மையான மின்னோட்டம் ஓடுகிறது என்றும் ஊகித்துவிட்டால், அதன்பின் அவர் ஊதும் பலூன் எதைக் காட்டும் என்று சொல்வது கடினம்.

மாலைவெயில்

நான் இத்துறையைச் சேர்ந்தவள் அல்ல. என் அப்பாவுக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) இருப்பதால்தான் இந்த இழையைப் படித்தேன். எங்கள் அனுபவம் இங்கே பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

அப்பா வாழ்நாள் முழுவதும் கணக்கராக இருந்தவர். பேருந்துச் சீட்டைக்கூட மடித்து வைத்து இரவில் செலவுக் குறிப்பேட்டில் எழுதுவார். நோய்க்குப் பிரமிபெக்சோல் என்ற மாத்திரை தொடங்கி அளவைக் கூட்டிய பிறகு, நடை நன்றாகத் தேறியது. அதே காலத்தில் நள்ளிரவில் கைப்பேசியில் ரம்மி ஆடத் தொடங்கினார். நாங்கள் ஓய்வுபெற்றவரின் பொழுதுபோக்கு என்று நினைத்தோம். அம்மாதான் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இது அவர் இல்லை என்று சொன்னார். விசாரித்தபோது அப்பா எதையும் மறைக்கவில்லை. தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது தெளிவாகத் தெரிகிறது, கணக்கும் சரியாகப் போட முடிகிறது, ஆனால் அடுத்த ஆட்டத்தை ஆடாமல் இருக்க முடியவில்லை என்றார்.

மருத்துவரிடம் சொன்னதும், மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார். சில வாரங்களில் ஆட்டம் நின்றது. தொடக்கத்திலேயே இப்படி ஆகலாம் என்று எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இதே நிலையில் உள்ள குடும்பத்தினர் யாராவது இதைப் படித்தால், மாத்திரையைத் தாங்களாகவே திடீரென்று நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கும் தனி விளைவுகள் உண்டு.

வெண்ணி

மாலைவெயில் அவர்களுக்கு நன்றி. நெய்தல் கேட்ட "அன்றாட வாழ்வில்" என்ற கேள்விக்கு உறுதியான விடை கிடைக்கும் இடம் இதுதான். ஆய்வுக்கூடப் பணி எதுவும் இல்லாமலே, வங்கிப் புத்தகத்தில் தெரியும் அளவுக்குத் துணிச்சல் மாறிய நிகழ்வுகள் நடுக்குவாத மருத்துவத்தில் ஆவணப்படுத்தப்பட்டிருக்கின்றன. 2005-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர், மருந்து தொடங்கியபின் கட்டுப்பாடற்ற சூதாட்டத்தில் இறங்கிய 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 2010-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மையங்களில் 3090 நோயாளிகளை ஆராய்ந்தபோது, 13.6 விழுக்காட்டினருக்குச் சூதாட்டம், கட்டுக்கடங்காத கொள்முதல், பாலியல் உந்துதல், அளவுக்கு மீறி உண்ணுதல் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனைப் போலச் செயல்படும் மாத்திரைகளை (பிரமிபெக்சோல் இவ்வகைதான்) எடுத்தவர்களில் இது 17.1 விழுக்காடு, எடுக்காதவர்களில் 6.9 விழுக்காடு.

இங்கே ஆழ்மூளைத் தூண்டலையும் பேச வேண்டும். மூளைக்குள் மெல்லிய மின்கம்பியை அறுவை சிகிச்சையால் பதித்து, மார்புத் தோலின் கீழ் வைத்த மின்கலத்தோடு இணைக்கும் நடுக்குவாதச் சிகிச்சை முறை இது. 1987-இல் பிரான்சின் கிரெனோபிளில் தொடங்கியது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வு மருந்தின் விளைவையும் தூண்டலின் விளைவையும் அழகாகப் பிரித்துக் காட்டியது. மருந்து, தோல்வியிலிருந்து கற்றுக்கொள்வதைக் கெடுத்தது. தூண்டல் அந்தக் கற்றலைத் தொடவில்லை. ஆனால் ஏறத்தாழச் சமமான இரண்டு நல்ல தேர்வுகளுக்கு இடையே நாம் எல்லோரும் இயல்பாகவே சற்று நின்று யோசிப்போமே, அந்த நிறுத்தத்தை அது நீக்கிவிட்டது. கருவியை இயக்கியபோது நோயாளிகள் கடினமான முடிவுகளை அவசரமாக எடுத்தார்கள். நிறுத்தியபோது மற்றவர்களைப் போலவே தயங்கினார்கள்.

ஆகவே வெளியிலிருந்து பார்க்கும்போது "துணிந்துவிட்டார்" என்று நாம் சொல்லும் ஒரே நடத்தைக்குப் பின்னால், இழப்பு உறைக்காமல் போவதும் இருக்கலாம், தயங்கும் நேரம் சுருங்கிப் போவதும் இருக்கலாம். மாலைவெயிலின் தந்தை சொன்னது, தெரிந்தும் நிறுத்த முடியவில்லை என்பது, ஒருவேளை மூன்றாவதாகவும் இருக்கலாம். நெற்றிப் பட்டையை விற்கிறவர்கள் இவற்றில் எதை மாற்றுவதாகச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு செய்தியையும் சேர்க்க வேண்டும்: ஆழ்மூளைத் தூண்டலுக்குப் பிறகு மாத்திரை அளவைக் குறைக்க முடிவதால், சிலருக்குச் சூதாட்ட உந்துதல் தணிந்தும் இருக்கிறது.

கரிசல்

அப்படியானால் ஒரு சட்டக் கேள்வி எழுகிறது. மருந்தாலோ கருவியாலோ துணிச்சல் மாறிய நிலையில் ஒருவர் வீட்டை அடமானம் வைத்தால் அந்தக் கடனுக்கு யார் பொறுப்பு?

முகில்வண்ணன்

கடன் கொடுத்தவரைப் பொறுத்தவரை கையெழுத்திட்டவர்தான் பொறுப்பாவார். ஆனால் மருந்து நிறுவனத்தின் பொறுப்பு நீதிமன்றங்களில் எழுந்திருக்கிறது. பிரான்சின் ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல், இதே வகை மருந்தான ரோபினிரோலை எடுத்துச் சூதாட்டத்தில் சேமிப்பை இழந்த நடுக்குவாத நோயாளி ஒருவருக்கு, கிளாக்சோஸ்மித்கிளைன் நிறுவனம் ஏறத்தாழ 1,97,000 யூரோ தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சொந்த விருப்பத்தில் வாங்கி மாட்டிக்கொண்ட பட்டைக்கு அப்படிக் கேட்க முடியுமா என்பது வேறு கேள்வி; மருத்துவப் பயன் எதையும் கோராமல் "நல்வாழ்வுக் கருவி" என்று விற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. நண்பரிடம் இந்த இழையைக் காட்டினேன். ஆய்வுகள் முழுமையாக இல்லாவிட்டாலும் முயன்று பார்ப்பதில் என்ன இழப்பு, வேலை செய்யவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாமே என்கிறார். இதற்கு என்ன சொல்வது?

செம்புக்கம்பி

மின்முனையின் ஈரம் காய்ந்துவிட்டால் தோல் புண்ணாகும் என்பது சிறிய இழப்பு. 2016-இல் 39 ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு, வீட்டில் தாங்களாகவே தூண்டிக்கொள்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். இவர்கள் இந்தத் துறையின் எதிரிகள் அல்லர். இதிலேயே வாழ்நாளைச் செலவிடுகிறவர்கள். ஒரே அளவில் ஒரே இடத்தில் தூண்டினாலும் 30 விழுக்காட்டினர் வரை எதிர்த்திசையில் மாறக்கூடும், தூண்டும்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் விளைவு மாறும், நாள்தோறும் தொடர்ந்து செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வே மிகக் குறைவு என்பவை அதில் அவர்கள் சொன்னவற்றுள் சில. சந்தை திறந்திருக்கும் நேரத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு அவர் அந்த 30 விழுக்காட்டினரின் பக்கம் விழுந்தால், அதை அவருக்கு முதலில் தெரிவிக்கப் போவது அவருடைய வணிகக் கணக்குதான்.

முகில்வண்ணன்

கழற்றி வைத்துவிடலாம் என்கிறாரே, வேலை செய்கிறதா இல்லையா என்பதை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? ஒரு வாரம் லாபம் வந்தால் பட்டைக்குப் பெயர், நட்டம் வந்தால் சந்தைக்குப் பழி என்றாகிவிடும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தார்கள் என்று இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியே 2024-இல் அறிவித்தது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பத்தில் ஒன்பது பேர் தோற்கும் இடத்தில் நிதானமாக விளையாடுகிறவரும் பெரும்பாலும் தோற்கத்தான் செய்வார், சற்று மெதுவாக.

அவர் உண்மையிலேயே சோதிக்க விரும்பினால் முறை இதுதான். உண்மையான மின்னோட்டம் எந்த நாளில் ஓடுகிறது, பாவனை எந்த நாளில் என்பது அவருக்குத் தெரியாதபடி இன்னொருவர் மாற்றி மாற்றி அமைக்க வேண்டும். எதை அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். லாபத்தை அளக்கக் கூடாது, அது அதிர்ஷ்டத்தோடு கலந்தது. ஒவ்வொரு நாளும் மூலதனத்தில் எத்தனை விழுக்காட்டைப் பணயம் வைத்தார் என்பதை அளக்கலாம். இது மாதக்கணக்கில் நடக்க வேண்டும். இப்படிப்பட்ட ஆய்வுதான், மனிதர்களின் உண்மையான செலவையும் பயணத்தையும் மருத்துவமனை வருகையையும் நீண்ட காலம் பின்தொடர்வதுதான், இந்தத் துறைக்கே தேவைப்படுகிறது.

நெய்தல்

இதைப் படித்துவிட்டு, பாவனை நாள்களை அமைத்துத் தர என்னையே கேட்கிறார். மறுத்துவிட்டேன். பட்டைக்கான ஆணையை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார். மாலைவெயில் எழுதியதைத் தன் சித்தப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார், அவரும் அதே மாத்திரைதான் எடுக்கிறாராம்.